எங்கள் கணக்கு 2010 இல் தொடங்கியது

நாற்பத்தைந்து வயது தாண்டிய ஒருவரிடம் “கடைசிக் காலத்துக்கு என்ன வைச்சிருக்கிறீங்கள்?” என்று இலங்கையின் வடக்கே வன்னியில் கேட்டுப் பாருங்கள். “பிள்ளையள் இருக்கினம்தானே” என்பார்கள். கொஞ்சம் அழுத்திக் கேட்டால், “எங்களிட்டை என்ன கிடக்கு, எல்லாம் முள்ளிவாய்க்காலோடை போச்சு” என்பார்கள். இரண்டுமே உண்மைதான். ஆனால் இந்த இரண்டு பதிலோடும் பேச்சு நின்றுவிடுகிறது. அறுபது வயதுக்குப் பிறகு சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் மாதம் எவ்வளவு வேணும், அது எங்கிருந்து வரும் என்ற கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. எனக்கு இப்போது நாற்பத்தாறு. கிளிநொச்சி நகரில் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். என் கணவருக்கு வயல். அந்தக் கேள்வியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். “பிந்திப் போனோம்” என்ற வெட்கத்தை எங்கள் வயதுக்காரர் தூக்கிப்போட வேண்டும். எங்கள் வயதில் கொழும்பில் பிறந்து இருபத்திரண்டில் வேலைக்குப் போனவருக்கு இன்று கால் நூற்றாண்டுச் சேமிப்பு இருக்கும். வன்னியில் வளர்ந்தவருக்கு என்ன இருந்தது? 1996 இல் கிளிநொச்சியை விட்டு ஓடினோம். 2002 இல் சமாதானம் என்று நம்பி வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினோம். 2004 இல் சுனாமி முல்லைத்தீவுக் கரையை வழித்துக்கொண்டு போனது. 2008 இல் திரும்பவும் சாமான் கட்டினோம். 2009 இல் பவுணைக் கொடுத்து அரிசி வாங்கிய குடும்பங்கள் எத்தனை! பிறகு செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாம். அது மூடப்பட்டதே 2012 இல்தான். திரும்பி வந்த காணியில் கூரை இல்லை, கிணறு பாழ், தென்னை தலையில்லாமல் நின்றது. முதல் ஐந்து வருட உழைப்பும் அதற்கே போனது. இப்படி வந்தவர் தன்னைக் கொழும்புக்காரரோடு ஒப்பிட்டு மனம் குமைவது நியாயமே இல்லை. எங்கள் கணக்கு 2010 இல் தொடங்கியது. அங்கிருந்து எண்ணினால் நாங்கள் பதினைந்து வருடக் குழந்தைகள். அந்த வயதுக்கு இவ்வளவு கட்டியெழுப்பியதே பெரிது.

ஆனால் உடம்பு 2010 இல் பிறக்கவில்லை. முழங்கால் நாற்பத்தாறைத்தான் காட்டுகிறது. அதனால்தான் இருக்கிற பதினைந்து வருடத்தைப் பற்றி இப்போதே பேசவேண்டியிருக்கிறது.

கனடாவில் இருக்கிற மச்சாள் எனக்கு ஒரு காணொளி அனுப்பியிருந்தா. ஓய்வு பெறுவதென்றால் வருடச் செலவின் 25 மடங்கு கையில் இருக்கவேண்டுமாம். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினேன். அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994 இல் எழுதியதில் இருந்து வந்தது. சேர்த்த தொகையில் முதல் வருடம் ஏறக்குறைய 4 வீதம் எடுத்து, பிறகு விலையேற்றத்துக்குத் தக்கபடி கூட்டிக்கொண்டு போனால் 30 வருடம் தாங்கும் என்று, அமெரிக்கப் பங்குச் சந்தையையும் அந்த நாட்டு அரசு கடன் வாங்கக் கொடுக்கிற பத்திரங்களான பிணைமுறிகளையும் வைத்துப் பார்த்தவர். எங்கள் வீட்டுச் செலவு மாதம் 60,000 ரூபாய் என்று வைத்தால் ஒரு கோடியே எண்பது இலட்சம் வேணும். வட்டக்கச்சியில் வயல் செய்கிற ஒருவரிடம் இந்த எண்ணைச் சொன்னால் அவர் சேமிக்கத் தொடங்கமாட்டார், நினைப்பையே கைவிடுவார்.

அந்தக் கணக்கு எங்கள் சீவியத்துக்குப் பொருந்தாது. எங்களுக்கு வீட்டு வாடகை இல்லை. கிணறு சொந்தம். ஒரு காலபோகம் ஒழுங்காக விளைந்தால் வருடத்துச் சோற்று அரிசி வீட்டில் இருக்கும். ஆஸ்பத்திரி இலவசம், மாதாந்தக் கிளினிக்கில் பிரஷருக்கும் சீனிக்கும் குளிசை தருகிறார்கள். ஆகவே மொத்தச் செலவை விட்டுவிட்டு, காசாகவே கொடுக்கவேண்டிய செலவை மட்டும் எழுதிப் பார்த்தேன். கரண்ட், தொலைபேசி, கறிபுளி, வெளியில் எடுக்கச் சொல்கிற ரெஸ்ட்டுகள், யாழ்ப்பாணம் போய்வர வாகனக் கூலி, நல்லது கெட்டது. இந்த நல்லது கெட்டதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வயது போகப் போகத்தான் அது கூடும். சாமத்தியவீடு, கலியாணம், செத்தவீடு, அந்தியேட்டி என்று எதற்கும் வெறுங்கையோடு போகமுடியாது. போகாமல் விட்டால் எங்கள் வாசலுக்கும் யாரும் வரமாட்டார்கள். எல்லாம் கூட்டினால் இன்றைய விலையில் எங்கள் இரண்டு பேருக்கும் மாதம் 35,000 வந்தது. அதுதான் எங்கள் எண். ஒவ்வொரு வீடும் தன் எண்ணைத் தானே எழுதிப் பார்க்கவேண்டும். மச்சாளுடையதையோ என்னுடையதையோ எடுத்துக்கொள்ளக்கூடாது.

இதில் ஒரு முள் இருக்கிறது. விலையேற்றம் வருடம் 5 வீதமாக அடங்கி நின்றாலும் பதினான்கு, பதினைந்து வருடத்தில் விலை இரட்டிக்கும். இன்றைய 35,000 அப்போது 70,000. அடங்கி நிற்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2022 இல் பார்த்தோம். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 வீதம். வங்கிப் புத்தகத்தில் காசு அப்படியே இருந்தது, அதன் பெறுமதிதான் இல்லை.

இனி, கையில் ஏற்கெனவே இருப்பதைத் தேடுவது. இது என் தொழிலோடு வருகிற விடயம் என்பதால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

பக்கத்து வளவு அக்கா ஒருநாள் தன் சொப்பிங் பையைத் தூக்கிக்கொண்டு வந்தா. வன்னியில் எல்லா வீட்டிலும் அப்படி ஒரு பை இருக்கும். ஓடும்போது பிள்ளையை ஒரு கையிலும் அதை மறுகையிலும் பிடித்துக்கொண்டுதான் ஓடினோம். பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரம், காணி அனுமதிப்பத்திரம், முகாமில் தந்த பதிவுத் துண்டு எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று மடித்து, வெளியே இரண்டு பொலித்தீன் சுற்றி, றப்பர் பான்ட் போட்டிருந்தது. மகனின் அஸ்வெசும என்கிற அரச உதவி விண்ணப்பத்துக்கு ஏதோ பிரதி வேண்டித்தான் அவ வந்தவ. நான் விறாந்தையில் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தபோது, மடிப்பில் கிழிந்து, ஓரம் மஞ்சள் பிடித்த ஒரு அட்டை வந்தது. ஊழியர் சேமலாப நிதியில் (ஈபிஎஃப்) சேர்ந்தவருக்குத் தருகிற பி அட்டை.

“அக்கா, இது என்ன எண்டு தெரியுமே?”

“அது உடுப்புத் தைக்கிற இடத்திலை தந்தது பிள்ளை. வேலையை விட்ட உடனை அது முடிஞ்சுதுதானே?”

முடியவில்லை. மீள்குடியேறிய பிறகு அவ நாலு வருடத்துக்கு மேல் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தவ. 1958 இன் 15 ஆம் இலக்கச் சட்டப்படி சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம், இரண்டும் சேர்ந்து 20. அது மத்திய வங்கியில் அவவின் பெயரிலேயே கிடக்கிறது, வருடா வருடம் வட்டியும் சேருகிறது. வேலையை விட்டால் காசு போகாது. பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயதாகி வேலையில் இல்லாமல் இருக்கும்போது கேட்டு எடுக்கலாம். இதற்கு வெளியே முதலாளி மட்டும் கட்டுகிற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 வீதம் வேறு. அதை வேலை மாறும்போதும் எடுக்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. இவை தவிர, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தால் பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். 1983 இன் சட்டம் அது.

அக்கா பிறகு வேலை செய்த கடையின் சம்பளத் துண்டுகளும் பையில் கிடந்தன. மாதா மாதம் 8 வீதம் வெட்டியிருக்கிறார்கள். தொழில் அலுவலகத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பார்த்தபோது சில மாதங்கள் நிதிக்கே போய்ச் சேரவில்லை. இது வன்னியில் புதினமில்லை. “நீ நிரந்தரமில்லை, உனக்கு ஈபிஎஃப் இல்லை” என்று சொல்லியே வேலைக்கு எடுப்பார்கள். சட்டத்தில் அப்படியில்லை. தற்காலிகம், பயிலுநர், நாட்கூலி, எத்தனை துண்டு தைத்தாய் என்று எண்ணித் தருகிற கூலி, எல்லாவற்றுக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. பிந்திக் கட்டுகிற முதலாளிக்கு 5 வீதத்தில் இருந்து 50 வீதம் வரை மிகைக்கட்டணம் விழும். முறைப்பாடு எழுத நான் உதவினேன். துண்டுகளை அவ பத்திரப்படுத்தி வைத்திருந்ததுதான் பெரிய பலம். தயவுசெய்து சம்பளத் துண்டை எறியாதீர்கள்.

அக்கா கேட்ட அடுத்த கேள்வி எல்லாரும் கேட்பது. “அம்பதிலை எடுக்கலாமெண்டால் எடுத்திடுறதுதானே நல்லம்?” இல்லை என்பதே என் எண்ணம். ஐம்பதில் கைக்கு வரும் காசு ஐம்பத்தொன்றில் மகளின் கலியாணத்துக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ போய்விடும். இந்த நிதியைப் பற்றிய பயமும் சும்மா இல்லை. 2023 இல் நாட்டின் உள்ளூர்க் கடனை மறுசீரமைத்தபோது இதன் பழைய பிணைமுறிகளை மாற்றி, முதலில் 12, பிறகு 9 வீத வட்டி வருகிற புதிய முறிகளைக் கொடுத்தார்கள். கோபப்படவேண்டியதுதான். அதற்காக வெளியே எடுத்து எங்கே வைக்கப் போகிறோம்? மாதச் சம்பளக்காரருக்கு முதலாளியின் 12 வீதத்தைவிடப் பெரிய உதவி வேறு எங்கும் கிடைக்காது.

சம்பள வேலை இல்லாதவருக்கு வழி ஒடுக்கம். 1987 இல் விவசாயிகளுக்கும் 1990 இல் கடற்றொழிலாளருக்கும் ஓய்வூதியச் சட்டங்கள் வந்தன. கமக்காரர் கமநல சேவை நிலையத்தில் விசாரிக்கலாம். சுயதொழில் செய்பவர் 59 வயதுக்கு முன் சமூகப் பாதுகாப்புச் சபையில் சேரலாம்; பிரதேச செயலகத்திலேயே அதற்கு அலுவலர் இருக்கிறார். தவணை முறையிலோ மொத்தமாகவோ கட்டினால் 60 இலிருந்து சாகும்வரை மாதாமாதம் வரும். சேர வேணும். ஆனால் கையெழுத்து வைக்கும் முன், அறுபதில் வரப்போகும் தொகை இன்றைய விலைக்கு எவ்வளவு என்று யோசிக்கவும் வேணும். வறிய முதியோருக்கு அரசு கொடுக்கும் உதவி 2025 இல் 3,000 இலிருந்து 5,000 ஆனது. அதுவும் 70 வயதுக்குப் பிறகு. இவை எல்லாம் மருந்துச் செலவைத் தாங்கும், வீட்டைத் தாங்காது.

ஆகவே கையால் சேர்ப்பதுதான் மிச்சம். மாதம் 10,000, வருட வட்டி 8 வீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். பதினைந்து வருடத்தில் கட்டியது 18 இலட்சம், கையில் ஏறக்குறைய 34 இலட்சத்து 60 ஆயிரம். அதையே ஐந்து வருடம் கழித்துத் தொடங்கினால், பத்து வருடத்தில் 18 இலட்சத்துச் சொச்சம்தான். ஐந்து வருடம் பிந்தினால் பாதிக் காசு இல்லை. “பிள்ளையின்ரை படிப்பு முடியட்டும், பிறகு பாப்பம்” என்று சொல்கிறவர்களிடம் நான் இந்த ஒரு கணக்கைத்தான் காட்டுவேன். அந்த 34 இலட்சத்தின் வட்டி மாதம் 23,000 வரும். ஆனால் அன்றைய 23,000 இன்றைய 11,000 தான். அதனால் இது மட்டும் எங்களுக்குப் போதாது. என் சேமலாப நிதியும் இதுவும் வயலும் சேர்ந்தால்தான் அந்த 35,000 வருகிறது. மாதம் 10,000 முடியாதவர் 2,000 இல் தொடங்கலாம். நெல் விற்ற கையோடு வருடத்துக்கு இரண்டு முறை போடுகிறவரும் இருக்கிறார். வயல்காரருக்கு அதுதான் இயல்பு.

எங்கே போடுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கூட வட்டி தருகிறோம் என்று வாசலுக்கு வருகிற எவரிடமும் இந்தக் காசைக் கொடுக்கக்கூடாது. இலங்கையில், வங்கி விழுந்தால் காசைத் திருப்பித் தருகிற வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புக்கு அரசின் முழுப் பொறுப்பு உண்டு. நிலையான வைப்பில் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் வங்கியில் ஒரு பிரகடனப் படிவம் நிரப்பிக் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் யாரும் அதை நிரப்புவதில்லை. சீட்டு நல்லது, ஆனால் அது கூரைக்கும் கலியாணத்துக்கும், கடைசிக் காலத்துக்கல்ல. நகையும் நல்லதுதான். பவுண் மூன்று இலட்சத்தைத் தாண்டிப் போனதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அடகில் இருக்கிற நகை சேமிப்பில்லை, கடன். நுண்கடன் வாங்கிய பெண்கள் கிழமைக் காசு கட்ட இன்னொரு இடத்தில் கடன் எடுத்து, அதைக் கட்டத் தோட்டைக் கழற்றியதை இந்த ஊர்களில் கண்ணால் கண்டிருக்கிறோம். வட்டிக்கடன் உள்ள வீட்டில் முதல் சேமிப்பு அந்தக் கடனை முடிப்பதுதான்.

இப்போது காணி. நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

இரணைமடுக் குளத்தின் கீழுள்ள குடியேற்றத் திட்டங்களில் பெரும்பாலான காணிகள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டவை. உறுதிக் காணியைப் போல நினைத்த நேரம் விற்கமுடியாது. ஆனாலும் கைமாறுகிறது. ஒரு பேப்பரில் எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வைத்து, சந்தை விலையில் பாதிக்கும் குறைவாக. எதற்கு? பெடியனை வெளிநாட்டுக்கு அனுப்ப. ஏஜென்சிக்கு இத்தனை இலட்சம் என்று ஒரு தொகை. பிள்ளை போய்ச் சேர்ந்தால் காசு வரும். போகாவிட்டால், அல்லது நடுவழியில் பிடிபட்டுத் திரும்பினால், அம்மாவும் அப்பாவும் ஐம்பத்தைந்து வயதில் வயலுமில்லாமல் காசுமில்லாமல் மற்றவர் வயலில் கூலிக்கு நிற்கிறார்கள். இதில் பிள்ளையைக் குறை சொல்லவில்லை. இங்கே வேலை இல்லை என்பது உண்மை. அனுப்பிய காசில் வாழ்கிற வீடுகள் நிறைய உண்டு, அந்தப் பிள்ளைகளின் கடமையுணர்வு பெரியது. ஆனால் தாய் தகப்பன் கடைசியாக நம்பியிருக்கிற ஒரே வருமானத்தை விற்றுத்தான் அந்தப் பயணம் நடக்கவேண்டும் என்றால், அந்தப் பயணம் வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கிறது. பிள்ளைக்கு முன்னால் முப்பது வருட உழைப்பு இருக்கிறது. எங்களுக்கு முன்னால் அது இல்லை.

காணியை உயிரோடு இருக்கும்போதே பிள்ளைக்கு எழுதுவதையும் நான் ஏற்கவில்லை. எங்களுக்குப் பிறகு காணி யாருக்கு என்று காட்டுகிற பின்னுரித்தாளரைப் பதிந்து வைத்தால் போதும். அதைப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் செய்யலாம். அனுமதிப்பத்திரம் கணவன் பெயரில் இருந்து அவர் இறந்தால், மனைவிக்குச் சாகும்வரை அந்தக் காணியில் உரித்து உண்டு. இதைத் தெரியாமல் மகன் வீட்டின் பின்விறாந்தையில் ஒடுங்கிக் கிடக்கிற பெரியம்மாக்கள் எத்தனை பேர்! பின்னுரித்தாளரைப் பதியாமல் விட்டால் ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை என்று இருந்த பழைய ஒழுங்கை 2022 இல்தான் திருத்தினார்கள். பெண்பிள்ளை வைத்திருக்கிறவர்கள் பதிவைப் பிற்போட வேண்டாம்.

அந்தக் காணியிலேயே அறுபதுக்குப் பிறகு எது விளையும் என்பதை இப்போதே நடவேண்டும். எழுபது வயதில் சேற்றில் இறங்கமுடியாது. இவர் மேட்டுக்காணியில் நாட்டுத் தென்னை வைத்திருக்கிறார். காய்க்க ஆறு, ஏழு வருடம் எடுக்கும், ஆனால் எங்களுக்குப் பிறகும் காய்க்கும். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தொட்டபோது, 2010 இல் தண்ணி அள்ளி ஊத்தி வளர்த்தவர்களின் கையில் மாதாந்த வருமானம் இருந்தது. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் நெல் முழுதும் போனபோதும் மேட்டில் நின்ற தென்னை நின்றதுதான். வயலை மட்டும் நம்பி நாங்கள் முதுமைக் கணக்குப் போடாததற்கு அந்த வெள்ளமும் ஒரு காரணம்.

வீட்டில் இரண்டு புத்தகம் வைத்திருக்கிறோம். ஒன்று பிள்ளைகளின் படிப்புக்கு, மற்றது எங்கள் இருவருக்கும். இரண்டின் தொகையும் பிள்ளைகளுக்குத் தெரியும், மறைக்கவில்லை. மகள் உயர்தரம் படிக்கிறாள். கணக்கைக் காட்டியபோது, “அம்மா, இதைப் பாத்தால் நான் உங்களைப் பற்றிப் பயப்பிடாமல் கம்பஸ் போகலாம்” என்றாள். மகனின் நினைப்பு வேறு. அவனுடைய சிநேகிதர் இரண்டு பேர் போன வருடம் போய்விட்டார்கள், இவனும் கேட்கிறான். இவர் அவனைக் கூப்பிட்டு இருத்தி, “தம்பி, லாண்ட்மாஸ்டரை வித்துத் தாறன், அது நீ உழைச்சுத் திருப்பித் தரவேண்டிய கடன். காணியையும் அந்தப் புத்தகத்தையும் கேளாதை” என்று சொன்னார். அவன் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரம் இல்லாவிட்டால் உழவுக்குக் கூலி கொடுக்கவேண்டி வரும். அந்தச் செலவைப் போட்டு, எங்கள் 35,000 ஐ நான் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.